பாலைக் கரையில் தனிக் கயாக்: லொரேட்டோ, லா பாஸ் பயணத்துக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் பெருநிலத்துக்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கும் நடுவே ஒடுக்கமாக நீண்டு கிடக்கிறது கலிபோர்னியா வளைகுடா. கோர்த்தேஸ் கடல் என்றும் சொல்வார்கள். கரையில் கள்ளியும் செம்பாறையும்தான். நீருக்குள் தலையை விட்டால் மீன் திருவிழா. இந்தக் கடலில் கயாக்கில், அதாவது ஒடுங்கிய சிறு துடுப்புப் படகில், இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஏன் இந்தக் கரை?

தீவுகளில் பல கரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் லொரேட்டோ ஊருக்கு எதிரே கொரொனாதோஸ், கார்மென், தன்சாந்தே, கொஞ்சம் தெற்கே தள்ளி மொன்செராத், சாந்தா கத்தலினா என்று ஐந்து தீவுகள். 1996 முதல் இவையும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா. வளைகுடாவின் தீவுகளையும் காப்பிடங்களையும் 2005இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தெற்கே லா பாஸ் ஊருக்கு எதிரே எஸ்பிரித்து சாந்தோ தீவு. அதன் மேற்குக் கரை முழுக்கக் கைவிரல்களுக்கு இடைவெளி விட்டதுபோல் குடாக்கள். ஒரு முனையைத் தாண்டினால் அடுத்த குடா, அதற்குள் வெள்ளை மணல், ஆழமில்லாத பச்சை நீர். தனியாகப் போகிறவருக்கு இந்த அமைப்பு பெரிய வசதி: குடாக்களை ஒட்டிப் போகும்வரை ஒதுங்க ஓர் இடம் அரை மணி, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை, இல்லையென்றால் ஏப்ரல், மே. என் ஓட்டு நவம்பருக்கு. கோடையின் வெப்பம் நீரில் இன்னும் மிச்சமிருக்கும், வெயிலின் கடுமை தணிந்திருக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நீர் 20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கும். வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இல்லாமல் அரை மணி நேரம் மிதந்தாலே பல் கிட்டும். ஆனால் லொரேட்டோ பக்கம் நீலத் திமிங்கிலம் வருவது இந்தக் குளிரில்தான். திமிங்கிலம் வேண்டுமா, நீருக்குள் கிடக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் மனிதருக்கானதே இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை சூறாவளிக் காலம் வேறு.

தனியாகப் போவது பாதுகாப்பானதா?

கூட ஒருவர் இருப்பதைவிடப் பாதுகாப்புக் குறைவுதான். அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கவிழ்ந்த கயாக்கைப் பிடித்துத் தர ஆள் கிடையாது, திருக்கை குத்தினால் வெந்நீர் வைத்துத் தர ஆள் கிடையாது.

நீங்கள் தயாரா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். சரக்கு ஏற்றிய கயாக்கை, கால் எட்டாத ஆழத்தில், அலை இருக்கும் நாளில் நீங்களே கவிழுங்கள். துடுப்பின் நுனியில் மிதவையை மாட்டி, அதையே தாங்கலாக வைத்து ஏறி, கைப்பம்பால் நீரை இறைத்து, மறுபடி கிளம்புங்கள். அடுத்தடுத்து மூன்று முறை, யாரும் கை கொடுக்காமல் முடிந்தால் தனியாகப் போகலாம். ஒரு முறை முடிந்து இரண்டாம் முறை மூச்சு வாங்கினால் இந்த வருடம் வழிகாட்டியோடு போங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

நீச்சல் சுமார்தான். லைஃப் ஜாக்கெட் போதாதா?

போதாது.

எத்தனை நாள், எவ்வளவு தூரம்?

சரக்கு ஏற்றிய கயாக் அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். அதை வைத்து "எட்டு மணி நேரம் வலித்தால் 40 கிலோமீட்டர்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நாளுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர், அதுவும் முற்பகலுக்குள். மீதிப் பொழுது ஸ்நார்க்கெலுக்கு: மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு நீர்மேல் மிதந்தபடி மீன் பார்க்க.

அதைவிட முக்கியமானது சும்மா இருக்கும் நாள்கள். மூன்று நாள் வலித்தால் ஒரு நாள் காற்றுக்கு என்று எழுதி வையுங்கள். ஏழு நாள் பயணத்தில் ஐந்து நாளுக்கு மட்டும் தூரம் போடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் நீங்கள் ஊருக்குள் இருக்க வேண்டும், தீவில் இருக்கக் கூடாது. தனியாகப் போனவர்கள் மாட்டிக்கொண்ட கதைகளில் நான் கேட்டவற்றில் பாதிக்கு மேல் "அன்று எப்படியாவது திரும்பியாக வேண்டியிருந்தது" என்றுதான் தொடங்கும்.

லா பாஸிலிருந்து போனால் கரைக்கும் எஸ்பிரித்து சாந்தோவுக்கும் நடுவே சான் லொரென்சோ கால்வாய் இருக்கிறது. 6 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல், நீரோட்டமும் உண்டு. முதல் முறை அதை வலித்துக் கடக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பங்கா என்று சொல்லப்படும் மோட்டார் படகில் உங்களையும் கயாக்கையும் ஏற்றித் தீவில் இறக்கிவிட்டு, குறித்த நாளில் வந்து கூட்டிப்போகிறவர்கள் உண்டு. இது கௌரவக் குறைச்சல் இல்லை. தன்சாந்தேக்கு வேறு கதை: லொரேட்டோவுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் புவர்த்தோ எஸ்கொந்தீதோ என்ற ஒதுக்கமான துறைமுகம். அங்கிருந்து விடியலில் கிளம்பினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் தீவில் இறங்கிவிடலாம்.

தண்ணீர் எவ்வளவு எடுக்க வேண்டும்?

நாளுக்கு 4 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும். வெயில் ஏறிய மாதமென்றால் 5 அல்லது 6. பயண நாள்களோடு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு நாள் பயணம், இரண்டு நாள் கூடுதல், ஆக 32 லிட்டர். 32 லிட்டர் என்றால் 32 கிலோ. கயாக்கில் நீங்கள் ஏற்றும் சரக்கில் எடை அதிகம் இதுதான். ஆகவே உட்காரும் இடத்துக்கு முன்னும் பின்னும், நடுக்கோட்டை ஒட்டி, அடியில் வையுங்கள். கூம்பான நுனிகளில் திணித்தால் படகு அலையில் ஏறாமல் முட்டும்.

தீவுகளில் நம்பக்கூடிய நன்னீர் கிடையாது. வரைபடத்தில் கிணறு என்று போட்டிருந்தாலும் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊரிலேயே கர்ரஃபோன் என்ற 20 லிட்டர் கேனில் குடிநீர் விற்பார்கள். அதை வாங்கிச் சிறு பைகளில் பிரித்து ஊற்றிக்கொள்ளலாம். பெரிய பை ஒன்றைவிடச் சிறிய பை ஐந்து மேல். ஏன் என்று அனுபவித்தே கற்றேன்.

முதல் பயணத்தில் மூன்றாம் நாள் காலை, கூடாரத்துக்குப் பக்கத்து மணல் ஈரமாக இருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தபடி காபி போட்டேன். பிறகுதான் பையைத் தூக்கிப் பார்த்தேன். 10 லிட்டர் பை மெலிந்து மடிந்து கிடந்தது. மூடியின் மரையில் ஒரே ஒரு மணல் பருக்கை. அது விட்ட இடைவெளியில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக 6 லிட்டர் போய்விட்டது. அன்றே திரும்பினேன். அதற்குப் பிறகு மரையை விரலால் துடைக்காமல் எந்த மூடியையும் மூடுவதில்லை. பையை நிரப்பியதும் தலைகீழாக்கி ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் கடல் நீர்தான். உப்புச்சத்துத் தூள் பொட்டலங்கள் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் நீராகவே குடித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் தலை கனக்கும்.

காற்றைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்தட்டும், நல்லதுதான்.

குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பாலை மேட்டு நிலங்களின் மேல் உயர் அழுத்தம் வந்து உட்காரும்போது, வளைகுடா ஒரு புனல்போல ஆகி வடக்கிலிருந்து காற்றைக் கீழே தள்ளும். அங்கே அதற்கு எல் நோர்த்தே என்று பெயர். நம் மொழியில் வாடை. ஆனால் நம் வாடையின் மென்மையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்கூட இடைவிடாமல் அடிக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாத நீர்ப்பரப்பில் ஓடி வருவதால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்றில் ஏறி மூச்சு விடும் முன் அடுத்தது மூக்கின் மேல் நிற்கும்.

லா பாஸ் பக்கம் இன்னொன்று: கொரொமுவேல். வசந்தக் கடைசியிலும் கோடையிலும் பொழுது சாய்ந்த பிறகு தென்மேற்கிலிருந்து கிளம்பி இரவெல்லாம் வீசும். ஊர்க்காரர்களுக்கு அது வரம். எஸ்பிரித்து சாந்தோவின் மேற்குக் குடாவில் கூடாரம் போட்டவருக்கு அது நேராக முகத்தில். கூடாரத்தின் ஆணிகள் மணலில் நிற்காது. டிரை பேக்கில் (நீர் புகாத பை) மணல் நிரப்பிக் கயிறு கட்டிப் புதைத்தால்தான் நிற்கும்.

என் விதி எளிது. கிழக்கு வெளுக்கும்போது கயாக் நீரில் இருக்க வேண்டும், பதினொரு மணிக்கு மணலில் இருக்க வேண்டும். வானிலைக் கணிப்பில் காற்றின் வேகம் 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர், அதற்கு மேல் காட்டினால் தீவு விட்டுத் தீவு போவதில்லை. 15 என்றால் கயாக்கைத் தொடுவதே இல்லை. கணிப்பு என்ன சொன்னாலும் கிளம்பும் முன் ஒரு மேட்டில் ஏறித் தூரத்துக் கடலைப் பாருங்கள். குடாவுக்குள் கண்ணாடியாக இருக்கும். முனைக்கு வெளியே அடிவானம் ரம்பப் பல்லாகத் தெரிந்தால் அங்கே அலை நிற்கிறது என்று பொருள். மேட்டை விட்டு இறங்கி, அடுப்பை மறுபடி பற்ற வைத்து, இரண்டாவது காபி போடுங்கள்.

எந்த வகைக் கயாக்?

நாள் பயணத்துக்கு மேலே உட்காரும் திறந்த வகை சௌகரியம். ஸ்நார்க்கெல் செய்துவிட்டு நீரிலிருந்து வயிற்றால் ஏறிப் புரண்டால் போதும். பல நாள் பயணத்துக்கு உள்ளே உட்காரும் கடல் கயாக், 5 மீட்டர் வாக்கில், முன்னும் பின்னும் நீர் புகாத அறைகளோடு. வாடகைக்குத் தரும் முன் பெரும்பாலும் உங்கள் அனுபவத்தை விசாரிப்பார்கள். ஒன்றுமே கேட்காமல் சாவி கொடுப்பதுபோல் துடுப்பை நீட்டினால் நான் வேறு இடம் பார்ப்பேன். மூடிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா, சுக்கான் கம்பி துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுத் துடுப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள்.

தனியாக ஸ்நார்க்கெல் செய்யும்போது கயாக்கை என்ன செய்வது?

முடிந்தால் கரையில் ஏற்றிவிட்டு, கரையிலிருந்தே நீந்திப் போங்கள். மீன் கூடும் நல்ல கடலடிப் பாறைத் திட்டுகளில் பெரும்பாலானவை குடாவின் இரு முனைப் பாறைகளை ஒட்டித்தான் இருக்கின்றன. மணலிலிருந்து ஐந்து நிமிடம் நீந்தினால் போதும்.

கயாக்கிலிருந்தே இறங்க வேண்டிய இடமென்றால் கயாக் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். லேசான காற்றிலேயே ஆளில்லாத கயாக் சருகுபோல் போகும். காலில் ஃபின்ஸ் (நீந்த உதவும் துடுப்பு) போட்டுத் துரத்தினாலும் பிடிப்பது நிச்சயமில்லை. 5 மீட்டர் மிதக்கும் கயிறு, ஒரு முனை கயாக்கின் மூக்கில், மறுமுனை இடுப்பில், இழுத்தால் உடனே அவிழும் கொக்கியோடு. மணிக்கட்டில் கட்டாதீர்கள், அலை இழுக்கும்போது கை போய்விடும்.

சிறு நங்கூரத்தை நம்பி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். தன்சாந்தேயின் தென்முனையில் ஒரு பேத்தை மீனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணை உருட்டி உருட்டி அதுவும் என்னைப் பார்த்தது. தலையைத் தூக்கியபோது கயாக் நான் விட்ட இடத்தில் இல்லை. 40 மீட்டர் தள்ளி, நங்கூரத்தை மணலில் இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்று காற்று இல்லாதது என் அதிர்ஷ்டம். பிடித்து ஏறிய பிறகு கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: தனியாக இருக்கும்போது மூச்சடக்கி முக்குளிக்க வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுப் போனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி உடம்பை நெருக்குவது அந்த வாயுதான். அது குறைந்தால் நெருக்கடி தெரியாமலே ஆக்சிஜன் தீரும். மேலே வரும் வழியில் சொல்லாமல் கொள்ளாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மேலே மிதந்தபடியே பாருங்கள். இந்தக் கடலில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி முதல் மூன்று மீட்டரிலேயே இருக்கிறது.

என்னென்ன பார்க்கலாம்?

பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள் (சத்தம் கேட்கும், காதைக் கொடுங்கள்), கோர்த்தேஸ் தேவதை மீன், கறுப்புக் கோடு போட்ட சார்ஜென்ட் மீன் கூட்டம், பொந்திலிருந்து வாயைத் திறந்து மூடும் அஞ்சாளை. மே, ஜூன் வாக்கில் மொபுலா என்ற சிறு ஆனைத்திருக்கைகள் கூட்டமாக நீரிலிருந்து எகிறிக் குதித்துத் தொப்பென்று விழும். எதற்காக என்று அறிவியலாளர்களே இன்னும் ஒருமனதாகச் சொல்லவில்லை. எஸ்பிரித்து சாந்தோவின் வடக்கே லோஸ் இஸ்லோத்தேஸ் பாறைகளில் கடற்சிங்கக் குடியிருப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டி போடும் காலம், அப்போது அங்கே நீரில் இறங்கத் தடை. லா பாஸ் குடாவில் திமிங்கிலச் சுறா பார்க்க உரிமம் பெற்ற படகில்தான் போகலாம். சொந்தக் கயாக்கோடு போய்விடாதீர்கள்.

நேரம் இருந்தால் தீபகற்பத்தின் தென்கிழக்கே காபோ புல்மோவையும் சேருங்கள். 1995இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, ஊர் மீனவர்களே மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியதாக ஆய்வு சொன்னது. எண்ணைப் படித்துவிட்டுப் போனேன். நீருக்குள் மீன் மறைத்து வெளிச்சம் குறைந்தபோதுதான் அந்த எண் புரிந்தது.

கடிப்பது, கொட்டுவது, குத்துவது?

முதலிடம் திருக்கைக்கு. ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் அதுவே விலகிப்போகும். குத்திவிட்டால், தோல் தாங்குகிற அளவு சூடான நீரில், 45 பாகைக்கு மிகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வையுங்கள், வலி இறங்கும். அதனால்தான் அடுப்பும் தீப்பெட்டியும் எப்போதும் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீரோடு நிற்க வேண்டாம், உடனே உதவி கேளுங்கள்.

காலணியைத் தட்டாமல் போடாதீர்கள், தேள் உண்டு. சோயா என்ற கள்ளியின் முள் துண்டு ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்கினால் கைக்கும் வரும். சீப்பால் நெம்பி எறியுங்கள். ஹெஹேன் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசுப்பூச்சி காற்று நின்ற மாலைகளில் உயிரை எடுக்கும். சாந்தா கத்தலினா தீவில் மட்டும் கிலுகிலுப்பை இல்லாத ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு வாழ்கிறது. எச்சரிக்கை ஒலி கேட்கும் என்று அங்கே காத்திருக்க வேண்டாம்.

கைபேசி எடுக்குமா? ஆபத்தென்றால் எப்படிச் சொல்வது?

ஊரை விட்டு முனை திரும்பியதும் சிக்னல் போய்விடும். செயற்கைக்கோள் வழி குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்று அவசியம். அதை லைஃப் ஜாக்கெட் பையில் வையுங்கள், கயாக்கில் வேண்டாம். கயாக் போனால் அதுவும் போய்விடும். படகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலி, கைக்கடக்கமானது, அதுவும் நல்லது. சேனல் 16 ஆபத்து அழைப்புக்கு. நீர் மட்டத்திலிருந்து பேசினால் சில கிலோமீட்டர்தான் எட்டும், ஆனால் அந்தச் சில கிலோமீட்டரில் ஒரு மீன்பிடிப் படகு இருந்தாலே போதும். ஊருக்குள் அவசர எண் 911.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுங்கள்: கயாக்கின் நிறம், எந்தெந்தக் குடா, கடைசியாகத் திரும்பும் நாள், எந்த நாள் எத்தனை மணி தாண்டினால் தேடச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரிதான் உயிர். "ஞாயிறு வாக்கில் வருவேன்" என்றால் யாரும் திங்கள் வரை கவலைப்பட மாட்டார்கள்.

அனுமதி, விசா?

தீவுகள் எல்லாம் காப்பிடம், நுழைவுக் கட்டணமும் முகாம் அனுமதியும் உண்டு. லொரேட்டோ, லா பாஸ் பூங்கா அலுவலகங்களில் வாங்கலாம். கட்டணம் ஆண்டுதோறும் மாறும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முகாம், சமையல், கழிவு?

தீவில் விறகு மூட்டக் கூடாது. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுக்க முடியாது. சிற்றூர்களில் உங்கள் அடுப்புக்குப் பொருந்தும் குப்பி கிடைக்குமா என்று வாடகைக்குக் கயாக் தருகிறவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மலத்தையும் காகிதத்தையும் அதற்கான பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மழையே இல்லாத மண்ணில் எதுவும் மட்காது; போன வருடம் யாரோ புதைத்த காகிதம் இந்த வருடம் காற்றில் பறந்து உங்கள் சட்டியில் விழும்.

உணவை இரவில் கயாக்கின் அறைக்குள் பூட்டுங்கள். எஸ்பிரித்து சாந்தோவில் பாபிசூரி என்றொரு வளைய வால் விலங்கு உண்டு. பையின் ஜிப் திறக்கத் தெரிந்த கை அதற்கு. பகலில் அண்டங்காக்கை.

பார்வைக் கோளாறு இருக்கிறது, கண்ணாடி போடுகிறேன்.

பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். மங்கலாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

காற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் குடாவிலேயே கிடந்தால் என்ன செய்வது?

இரண்டாம் பயணத்தில் அப்படித்தான் ஆனது. முதல் நாள் மணிக்கொரு முறை மேட்டில் ஏறி இறங்கினேன். இரண்டாம் நாள் ஏறவில்லை. பாறை நிழல் நகர நகர விரிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். முனைக்கு உள்ளே காற்று எட்டாத ஒரு மூலையில் கூழைக்கடா ஒன்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. அது விழும் இடத்தில் சாளைக்குஞ்சுகள் வெள்ளியாகத் தெறித்தன. மாலையில் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்கே நீந்திப் போனேன். இடுப்பளவு நீர்தான். குஞ்சுகள் என்னைச் சுற்றி வழிவிட்டு, பின்னால் கூடிக்கொண்டன. மூன்றாம் நாள் விடியலில் அடிவானம் நேர்கோடாக இருந்தது. கயாக்கில் தண்ணீர்ப் பைகளை அடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன், 9 லிட்டர் மீதி.